மணற்குடத்துக் குறிப்புகள்

காலை ஆறு மணிக்குக் குடத்து மணலில் 25 பாகை. முன்விறாந்தையில் 27. மத்தியானம் இரண்டு மணிக்கு விறாந்தை 33-க்கு ஏறியபோதும் மணல் 27-ஐத் தாண்டவில்லை. கோழிக்குஞ்சுப் பெட்டிக்கென்று எப்போதோ வாங்கிய வெப்பமானிதான், ஒரு பாகை முன்பின் இருக்கலாம். இந்த வீட்டில் காய்ச்சல் பார்க்கப்படுகிற ஒரே ஆள் இந்தக் குடத்துக்குள் ஈரமணலில் புதைந்து கிடக்கிற போத்தல். மனைவி இதைப் பலமுறை சொல்லிவிட்டாள்.

ஒரு சிரட்டைத் தண்ணீர் தெளித்தேன். இன்றைக்கு அவ்வளவுதான்.

*

அண்ணை கொண்டுவந்தது. 2018 மார்கழியில் பரிஸிலிருந்து வந்தபோது இரண்டு சேர்ட்டுக்கும் ஒரு துவாய்க்கும் நடுவில் சுற்றிக் குழந்தையை எடுப்பதுபோல எடுத்து மேசையில் வைத்தார். ஷாம்பெய்ன். 1996. எந்த வீட்டுத் தயாரிப்பு என்று எழுதமாட்டேன்; எழுதினால் வாசிப்பவர் முதலில் விலையைத்தான் தேடுவார்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் வெளிக்கிட்டபோது நாவற்குழிப் பக்கம் நடந்தவர்களில் அவரும் ஒருவர். அடுத்த வருஷம் இலையுதிர்காலத்தில் பரிஸில் ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் தட்டுக் கழுவிக்கொண்டு நின்றார். அந்த வேலைக்கு அங்கே தமிழாட்கள் சொல்கிற பெயர் 'பிளோன்ஜ்'. முதல் நாள் முதலாளி கையைக் காட்டி 'குயிசீன்' என்றாராம். அண்ணைக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது, ஆனாலும் அது விளங்கிவிட்டது. எங்கள் வீட்டிலும் அது குசினிதானே. போர்த்துக்கேயன் விட்டுப்போன சொல் பரிஸில் உதவிக்கு வந்தது.

அந்த உணவகத்தில் ஒரு மீன் பதார்த்தம் பேர்போனது. ஷாம்பெய்னும் பாலாடையும் சேர்த்து வற்றவைத்த குழம்பை மேலே ஊற்றித் தருவார்கள். சாப்பிட்டவர் பேச்சில் இருந்துவிட்டால் அது தட்டில் காய்ந்து பசைபோல ஒட்டிக்கொள்ளும், சுடுதண்ணீருக்கும் இளகாது, நகத்தால் சுரண்டவேண்டும். ஷாம்பெய்னோடு அண்ணைக்கு முதல் பழக்கம் நகக்கண்ணில்தான். பிறகு மரக்கறி வெட்ட விட்டார்கள், பிறகு மீன் அடுப்பு. 22 வருஷம். முதலாளிக்கு வயதாகிக் கடையைப் பூட்டியபோது, நின்ற ஆட்களை ஒவ்வொருவராகக் கீழே நிலவறைக்குக் கூட்டிப்போய், அவரவர் வேலைக்குச் சேர்ந்த வருஷத்துப் போத்தல் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அண்ணைக்குச் சீனி வருத்தம், குடிக்கக்கூடாது. அவருடைய வீடு ஆறாம் மாடி, துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு நேர்கீழே. கோடையில் அங்கே பாண் சுடலாம் என்பார். "நீ மாத்தளையில இருக்கிறாய். மலைப்பக்கம், குளிராயிருக்கும் எண்டு நினைச்சன்" என்றார்.

மாத்தளை என்றதும் எல்லோரும் நினைப்பது அதைத்தான். ரத்தோட்டையால் ஏறி றிவஸ்டன் முகட்டில் நிற்கும்போது அண்ணையும் சரியான ஊருக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நம்பியிருப்பார், அங்கே பல் கிட்டிக்கும். அந்த மலையின் மறுபக்கம் இறங்கி மகாவலியை நோக்கிப் போனால் வருவது வில்கமுவ. மாவட்டம் மாத்தளை, வெயில் பொலநறுவை.

*

குடிக்கிறதா, வைக்கிறதா, விற்கிறதா. ஆறு வருஷமாக இந்த மூன்று சொல்லும் வீட்டுக்குள் நடமாடுகின்றன.

அண்ணையின் கட்சி குடிக்கிறது. "டேய், அது என்ன சாமிப்படமோ? உடைச்சுக் குடி."

மனைவியின் கட்சி விற்கிறது. அவள் மாத்தளை டவுனில் பிறந்தவள், முத்துமாரியம்மன் தேர் ஐந்தும் ஓடுகிற வீதியில் வளர்ந்தவள், கணக்கில் கெட்டி. "என்னங்க, வித்துட்டா குசினிக் கூரைக்குப் புதுத் தகடு போட்டுடலாம். மழையில நான்தான நனையுறேன்."

வைக்கிற கட்சியில் நான் தனி ஆள். அதற்கு நான் சொல்லி வந்த காரணங்களை இப்போது யோசித்துப் பார்த்தால் ஒன்றும் தேறாது.

*

எதிர்வீட்டு ஐயாவின் வயல் இன்று அறுவடை. இயந்திரம் காலையில் இறங்கி மத்தியானத்துக்குள் முடித்துவிட்டது. வீதியோரம் படங்கு விரித்து நெல்லைக் காயப்போட்டிருக்கிறார்கள். பி.ஜி. 352, மூன்றரை மாதப் பயிர். அவரும் மகனும் மூடைகளை மூன்றாகப் பிரிப்பதை விறாந்தையில் இருந்து பார்த்தேன். வீட்டுக்கு, விதைக்கு, வியாபாரிக்கு. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வியாபாரிக்கென்று வைத்ததில் ஒரு மூடையை வீட்டுப்பக்கம் இழுத்தார். பிறகு திரும்பவும் தள்ளினார்.

மாசி பங்குனியில் வில்கமுவ முழுக்க வீட்டுக்கு வீடு ஓடுகிற கணக்கு இது. விதைக்கென்று வைத்ததிலும் நேரம் பார்க்கவேண்டும். எங்கள் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் விதைநெல் ஒரு வருஷத்துக்குமேல் நம்பிக்கையாகக் கிடக்காது, முளைப்புக் குறைந்துகொண்டே வரும். இரண்டு போகம் தாண்டிய விதையை ஐயா கோழிக்குப் போட்டுவிடுவார்.

2021-இல் இரசாயன உரம் இறக்குமதி நின்றுபோன பெரும்போகத்தில் அவருடைய வயலில் கதிர் வந்தது, மணி வரவில்லை. 2022-இல் விதைக்கு வைத்ததைக் குத்திச் சோறாக்கினார்கள். அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அந்த உரலின் சத்தத்தை நாங்கள் கேட்டோம் என்பது அவருக்குத் தெரியும்.

*

1996-ஐப் பற்றி இரவில் கொஞ்சம் வாசித்தேன்.

திராட்சைக்கு அது வினோதமான வருஷம். நல்ல வெயில், குளிர்ந்த இரவு, பழத்தை உலர்த்துகிற காற்று. சீனியும் ஏறியது, புளிப்பும் இறங்கவில்லை. பழுக்கப் பழுக்க இனிப்பு ஏறப் புளிப்புக் குறைவதுதான் முறை. இந்த வருஷம் இரண்டும் உச்சத்தில் நின்றன. பத்துப் பாகை மதுவுக்கு உரிய சீனி, லீற்றருக்குப் பத்துக் கிராம் புளிப்பு என்று கணக்கிட்டு அந்த வட்டாரத்தில் 'பத்துக்குப் பத்து' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அரை நூற்றாண்டு தாங்கும் என்று அப்போது பேச்சு. இருபது வருஷம் கழிந்தபோது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இன்னும் விறைப்பாகத்தான் நிற்கிறது, பொறுங்கள் என்று ஒரு சாரார். பழம் செத்துவிட்டது, புளிப்பு மட்டும் தனியே நிற்கிறது, இருக்கிறதைக் குடித்துத் தீருங்கள் என்று மறுசாரார்.

இந்த வழக்கு எனக்குப் பிடித்தது. இரண்டு தரப்பிலும் அண்ணையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்போல் இருந்தது. 96-இல் போனவர்கள் எல்லோரையும் பற்றி.

செய்முறையிலும் நான் அதிகம் நினைக்கிற ஓர் இடம் உண்டு. சாதாரண வைனைப் போத்தலில் ஊற்றி, கொஞ்சம் சீனியும் நொதியும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். உள்ளே இரண்டாவது முறை நொதிக்கிறது. வெளியே போக வழியில்லாத வாயு வைனிலேயே கரைந்து ஆறு வளிமண்டல அழுத்தத்துக்கு ஏறுகிறது, கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு. வேலை முடிந்த நொதி செத்து அடியில் வண்டலாகப் படிகிறது. ஆண்டு குறித்த ஷாம்பெய்ன் குறைந்தது மூன்று வருஷமாவது வெளியே வராமல் நிலவறையில் கிடக்கவேண்டும் என்பது அங்கே சட்டம், நல்ல வீடுகள் அதற்கு மேலும் வைத்திருக்கும். அந்தச் செத்த நொதிதான் உள்ளே நுழைகிற பிராணவாயுவைத் தான் வாங்கிக்கொண்டு வைனைக் காப்பாற்றுகிறது. வண்டலை எடுத்துப் புது மூடி போட்ட நாளிலிருந்து காவல் இல்லை, மூப்பு தொடங்கிவிடும். என் போத்தலின் பின்பக்க லேபிளில் அந்தத் திகதி இருக்கிறது. 2005. இருபது வருஷம் காவல் இல்லாமல் வந்திருக்கிறது, அதில் ஆறு வருஷம் வில்கமுவயில்.

*

எங்களை ஒட்டிய வஸ்கமுவக் காட்டின் உயர்ந்த முகடு சுது கந்த, தமிழில் சொன்னால் வெள்ளை மலை. 470 மீற்றர்தான். ஷாம்பெய்னில் எப்பர்னேக்குத் தெற்கே வெள்ளைத் திராட்சை விளைகிற சரிவுக்குப் பெயர் கோட் தே ப்ளான், அதுவும் வெள்ளைச் சரிவு. அங்கே வெள்ளை என்பது மண்ணிலும் உண்டு, சுண்ணாம்புக் கல். ரெய்ம்ஸ் நகரத்துக்கு அடியில் ரோமர் காலத்திலிருந்து சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகளையே பிற்காலத்தில் ஷாம்பெய்ன் வீடுகள் நிலவறையாக்கிக்கொண்டன. வருஷம் முழுக்க பத்துப் பன்னிரண்டு பாகை, மழையோ பனியோ ஒன்றும் தெரியாது. 2015-இல் யுனெஸ்கோ அந்தச் சரிவுகளையும் நிலவறைகளையும் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் வெள்ளை மலைக்கு அடியில் யானை இருக்கிறது.

*

பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்நிலையத்துக்குள் புகுந்து நாடு முழுக்கக் கரண்ட் போய்விட்டதாம். மாசி வெயில், ஞாயிற்றுக்கிழமை, மின்விசிறி இல்லை. மனைவி எரிச்சலில் இருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னக் கர்வம்: என் குடத்துக்குக் கரண்ட் வேண்டாம்.

குடம் வந்த கதை அதுதான். முதல் மூன்று வருஷமும் போத்தல் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வெண்டிக்காய்க்குப் பக்கத்தில் கிடந்தது. 2022 பங்குனியில் கரண்ட் வெட்டு ஏழு மணித்தியாலம், பத்து மணித்தியாலம் என்று ஏறி மாத முடிவில் பதின்மூன்றில் வந்து நின்றது. ஃப்ரிட்ஜ் ஒரு நாளில் குளிர்ந்து, சூடாகி, மறுபடி குளிர்ந்தது. வைனுக்கு இந்த ஏற்ற இறக்கம் கெடுதி. மூடி விரிந்து சுருங்கிக் காற்றை உள்ளே விடும். அப்போதுதான் அம்மாவின் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் தண்ணீர்ப் பானையை ஈரமணல் மேட்டில் வைப்பா. மண்குடம் வேர்க்கும், வேர்த்தால் குளிரும். கடையில் சட்டி பானையோடு கிடந்த பெரிய வாய்க் குடம் ஒன்றும், ஆற்றுமணல் இரண்டு வாளியும். முடிந்தது.

அந்த மாதங்களில்தான் டொலர் 200 ரூபாயிலிருந்து 360-க்குப் போனது. கடையில் முந்நூறு யூரோ வரும் என்று அண்ணை சொன்ன போத்தல், தைப்பொங்கலுக்கு எழுபதாயிரம் ரூபாய்க்குக் கிட்ட இருந்து ஆடிக்குள் ஒரு லட்சத்தையும் தாண்டிவிட்டது. மணலுக்குள் அது ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் கிடந்தது. நான் பெற்றோல் வரிசையில் நின்றேன். சம்பளம் அப்படியே இருந்தது.

அந்த மாதங்களில் நான் அதை விற்காததற்குப் பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது. வாங்க ஆளில்லை.

*

விற்கிறதைப் பற்றி உண்மையாகவே விசாரித்தேன். மனைவிக்குக் கொடுத்த வாக்கு.

இந்த மாவட்டத்தின் மறுபாதியில், தம்புள்ளை சீகிரியப் பக்கம், பெரிய ஹோட்டல்கள் உண்டு. அங்கே வேலை செய்கிற தெரிந்த பையன் ஒருவனிடம் சொன்னேன். போட்டோ கேட்டான், அனுப்பினேன். கண் விரிகிற பொம்மை ஒன்று பதிலுக்கு வந்தது. அரை மணித்தியாலம் கழித்துப் போன் எடுத்தான். "அண்ணே, ரசீது இருக்கா?" இல்லை. "எங்க வச்சிருந்தீங்க?" சொன்னேன். மறுபக்கத்தில் சத்தமில்லை. பிறகு அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது விற்பது குற்றம், 1912-ஆம் ஆண்டு மதுவரிச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று எனக்கு நினைவூட்டினான். நல்ல பையன்.

லண்டனில் லிவ்-எக்ஸ் என்று ஒரு வைன் சந்தை 2000-ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. பங்குபோல வைனுக்கு விலை ஏறும் இறங்கும். 2021, 22-இல் ஷாம்பெய்ன் அங்கே மளமளவென்று ஏறியது. 2022 கடைசியிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. அங்கே கைமாறுகிற பெட்டிகள் பெரும்பாலும் நிலவறையை விட்டு அசைவதே இல்லை. ஒருவர் வாங்கி இன்னொருவருக்கு விற்று, அவர் வேறொருவருக்கு விற்று, மூன்று பேருக்கும் லாபம் வந்து, ஒருவரும் ஒரு வாய் குடிக்காமல், பெட்டி ஆணி கழற்றாமல் கிடக்கும். அசையாமல் கிடந்ததற்குத்தான் காசு. கலியாணத்துக்குச் சாதகம் பார்ப்பதுபோல அவர்கள் பார்ப்பது போத்தல் வளர்ந்த கதையை: எந்த அறை, எத்தனை பாகை, யார் கையில்.

என்னுடைய போத்தலின் சாதகத்தில் வெண்டிக்காய் இருக்கிறது. குரங்கு மட்டும்தான் இல்லை.

மனைவியிடம் சொன்னேன். "அப்ப தகடு இல்ல" என்றாள். பிறகு சீட்டுப் பிடித்து அவளே போட்டுவிட்டாள்.

*

2010 ஆடி மாதத்தில் பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் நடுவே, ஓலாந்துத் தீவுகளுக்கு அருகே, ஐம்பது மீற்றர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல் ஒன்றில் சுழியோடிகள் 168 போத்தல்களைக் கண்டார்கள். வெவ் கிளிக்கோ, ஹைட்சிக், இப்போது இல்லாத ஜுக்லார் என்ற வீடு. ஏறக்குறைய 170 வருஷம். அடியில் இருள், 2-இலிருந்து 4 பாகை குளிர். திறந்து பார்த்தார்கள், குடிக்கக்கூடியதாக இருந்தது. விஞ்ஞானிகள் எடுத்துப் பார்த்தபோது லீற்றருக்கு 140 கிராமுக்கு மேல் சீனி. அக்காலத்தில் ஷாம்பெய்னைப் பாணிபோலக் குடித்திருக்கிறார்கள். முதல் மணம் ஈர மயிர், மிருக வாடை, பாற்கட்டி. கொஞ்சம் சுழற்றிக் காற்றுப் பட்டதும் சுட்ட வாசனை, புகை, தோல் என்று வந்ததாம். அடுத்த வருஷம் ஆனியில் கிளிக்கோ போத்தல் ஒன்று 30,000 யூரோவுக்கு ஏலம் போனது.

இதை வாசித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. யாரோ குடிக்க வாங்கியது. வழியில் கடல் எடுத்துக்கொண்டது. எவரும் 'வைத்திருக்கவேண்டும்' என்று முடிவு செய்யாத போத்தல்கள் எல்லோரையும்விடச் சிறப்பாக வைக்கப்பட்டுவிட்டன.

எழும்பிக் கணக்குப் போட்டேன். பத்துப் பாகை ஏறினால் இரசாயன மாற்றம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ரெய்ம்ஸ் நிலவறை 12, என் மணல் 27. அப்படியென்றால் மணலில் கழிந்த மூன்று வருஷம் அங்கே எட்டரை. முரட்டுக் கணக்குத்தான், இருந்தாலும் கையெழுத்தில் அதைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. வைத்திருக்கிறேன், வைத்திருக்கிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, வில்கமுவ வெயில் மூடி வழியாக முறை வைத்துக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

*

கித்துள் கள்ளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. லக்கலப் பக்க மலைக்கிராமத்தில் காலையில் பாளையிலிருந்து இறக்கினால் மத்தியானத்துக்குள் முடிவு செய்யவேண்டும். குடிப்பவன் குடிப்பான். மற்றவன் அடுப்பில் ஏற்றிப் பாணியாகக் காய்ச்சிப் போத்தலில் அடைப்பான். அது வருஷக்கணக்கில் நிற்கும், சந்தைக்கும் போகும். அடுத்த நாள் என்று ஒன்று வந்தால் கிடைப்பது வினாகிரி. தென்னஞ் சாராயத்தையும் ஹல்மில்ல மரத்துப் பீப்பாயில் வருஷக்கணக்கில் முற்றவிடுகிறார்கள். அது நம் உலர்வலயக் காட்டு மரம்.

சங்க காலத்தவருக்கும் வைக்கத் தெரிந்திருந்தது. மூங்கில் குழாயில் அடைத்து முற்றவைத்த தேறல் அந்தப் பாட்டுகளில் வருகிறது. பாரியின் பறம்பு நாட்டைப் பாடும்போது கபிலர் நிலத்தில் புதைத்துப் பழுத்த மதுவைச் சொல்கிறார். பாண்டியனுக்கு யவனர் கப்பலில் வந்த வைன் நக்கீரர் பாட்டில் இருக்கிறது. அது ஊர் வந்து சேர எத்தனை வெயில் கண்டிருக்கும், அவன் ஏதாவது குறை சொன்னானா என்று தெரிந்துகொள்ள ஆசை.

அப்பா வாத்தியார். கள்ளுண்ணாமை பத்துக் குறளும் எங்களுக்கு மனப்பாடம். இந்தக் குறிப்புகளை அவர் பார்த்திருந்தால் எழுத்துப்பிழை மட்டும் திருத்திவிட்டுப் பேசாமல் போயிருப்பார்.

*

இரவு இரண்டு மணி. யானை.

எதிர்வீட்டுச் சுவர். முதலில் ஒரு மூச்சு, பெரிய துருத்தி ஊதுவதுபோல. பிறகு செங்கல் சரிகிற சத்தம். நெல் மணம் பிடித்து வந்திருக்கிறது. இங்கே வயலில் இருக்கும்வரை வயலுக்கு வரும், வீட்டுக்குள் வந்துவிட்டால் வீட்டுக்கு வரும். ஐயா வீட்டில் விதை மூடையை எப்போதும் உள்ளறையில்தான் வைப்பார்கள், அது தப்பியது. முன்னறையில் இருந்த மூன்று மூடை போய்விட்டது.

நாங்களும் பின்பக்கத்தால் வெளியே ஓடினோம். மனைவி அடையாள அட்டை, காணி உறுதி, நகை எல்லாம் போட்டு எந்நேரமும் தயாராக வைத்திருக்கிற பையை எடுத்தாள். நான் குடத்தைத் தூக்கினேன். மணலோடு. அரை மூடைப் பாரம். முதுகு இன்னும் நோகிறது.

யானையை விரட்டிய பிறகு சனம் வீதியில் டோர்ச்சோடு நின்றது. ஐயா என்னிடம் வந்து குடத்துக்குள் வெளிச்சம் அடித்தார். மணல்தான் தெரிந்தது. "மாத்தயா, விதையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ஓம் என்றேன்.

அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் இருந்த மரியாதையை நான் என்ன செய்வது? உடைந்த சுவரைப் பார்க்கத் திரும்பிப் போனார். உப்பும் தண்ணியுமாகச் சோறு தின்ற அந்த 22-ஆம் ஆண்டில் உரலில் விதையைப் போட்ட மனுஷன். நான் வாய் கூசாமல் ஓம் என்று சொல்லிவிட்டேன். விதையென்றால் போட்டால் முளைக்கவேண்டும்.

"நீங்க எதைத் தூக்கிட்டு ஓடினீங்கன்னு ஊருக்கே தெரியும்" என்று மனைவி இன்றைக்கு மூன்று முறை சொன்னாள்.

*

மாத்தளைத் தேர் முடிந்தது. மனைவி விரதம் முடித்தாள். பௌர்ணமியும் கழிந்தது. அண்ணைக்குப் போன் எடுத்துத் திறக்கப்போகிறேன் என்றேன்.

"எந்த நாள்?"

"இண்டைக்கு."

"பொறு, பொறு. நானும் வாறன்." போனை எங்கோ சாய்த்து வைத்துக் கதிரையை இழுக்கிற சத்தம். படம் தெளிவில்லை, அவருடைய நெற்றியும் பின்னால் ஒரு கலண்டரும்தான் தெரிந்தன. அங்கே பின்னேரம்.

மணலைக் கையால் விலக்கினேன். கடைசிவரை ஈரமாக, குளிராக இருந்தது. லேபிளின் ஒரு மூலை கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. 1996 என்ற நாலு எழுத்தும் அப்படியே. கழுவி, ஐஸும் உப்பும் போட்ட வாளியில் இரண்டு மணித்தியாலம் வைத்தோம். ஐஸ் எதிர்வீட்டிலிருந்து வந்தது.

தங்கத்தாள் தொட்டதும் உதிர்ந்தது. கம்பியை ஆறு அரைச்சுற்றுச் சுற்றவேண்டும். அண்ணை அங்கிருந்து எண்ணினார்: "ஒண்டு... ரெண்டு..." ஆறாவதில் கம்பி விட்டது. "மூடியைத் திருகாதை. போத்தலைத் திருகு. மூடியை விட்டுடாதை." இருபத்திரண்டு வருஷம் பின்கட்டில் நின்று பார்த்தவர்.

புது ஷாம்பெய்ன் மூடி வெளியே வந்ததும் அடியில் பாவாடைபோல விரியும். இது விரியவில்லை. வருஷக்கணக்கில் நெருக்குண்டு மரமுளைபோல நேராக நின்றது, கையில் பாரமே இல்லை. சத்தமும் இல்லை. நித்திரையில் பிள்ளை பெருமூச்சு விட்டதுபோல ஒன்று, அவ்வளவுதான்.

அண்ணைக்குக் கேட்டிருக்காது. சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து வயற்கரைப் பக்கம் யாரோ யானைவெடி போட்டார்கள். யன்னல் அதிர்ந்தது.

"ஆ, கேட்டுது! கேட்டுது!" என்று அண்ணை கத்தினார். கையைத் தட்டினார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

*

தண்ணீர்த் தம்ளர்தான். நிறம் நல்லெண்ணெய். அடியிலிருந்து இரண்டே இரண்டு நூல்களாகக் குமிழி ஏறியது, அவசரமில்லாமல். ஒரு கோப்பையில் பத்து லட்சம் குமிழி எழும் என்று ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒருவர் எண்ணி வைத்திருக்கிறார். என் தம்ளரில் எழுந்தவற்றை நானே எண்ணியிருப்பேன்.

முதலில் நனைந்த சாக்கு, காளான். பிடிக்கவில்லை. தம்ளரை வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். கால் மணித்தியாலத்தில் வேறாக மாறியது: வறுத்த கோப்பிக்கொட்டை, காய்ந்த அப்பிள், மெழுகோடு சேர்ந்த பழந்தேன். அது நின்றது ஐந்து நிமிஷம்தான். வாயில் வைத்தால் பழம் இல்லை, எப்போதோ போய்விட்டது. புளிப்பு மட்டும் ஆள் போன வீட்டுக் காவல்காரன்போல விறைத்து நின்றது. ஒரு மிடறின் நடுவே, எங்கோ பின்னால், ஓர் இனிப்பு வந்துவிட்டு மறைந்தது. அதைத் தேடித்தான் அடுத்த மிடறு, அதற்கடுத்தது.

மனைவி உதடு நனைத்தாள். "இதுக்கா தண்ணி ஊத்துனீங்க?" என்றாள். ஆனாலும் இன்னொருமுறை நனைத்தாள்.

யானையை விரட்டிவிட்டு ஐயா வந்தார். ஐஸ் கொடுத்தவருக்கு இல்லாமலா. அரைத் தம்ளர் கொடுத்தேன். குடத்தைப் பார்த்தார், கிண்டிய மணலைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரே இழுப்பாகக் குடித்துவிட்டு, "பழைய ரா" என்றார். ரா என்றால் கள்ளு. வாயைத் துடைத்துக்கொண்டு சுவர் கட்ட நாளைக்கு ஒரு கை வேணும், வருவீங்களா என்று கேட்டார்.

*

போத்தலில் ஒரு தம்ளர் அளவு மிஞ்சியது. அண்ணையின் பங்கு என்று வைத்தது. காலையில் நான் எதிர்வீட்டில் செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றபோது மனைவி குளத்துத் திலாப்பியா வாங்கியிருக்கிறாள். கொறுக்காப்புளி தீர்ந்துபோயிருக்கிறது. போத்தலை எடுத்துச் சட்டியில் ஊற்றிவிட்டாள்.

அண்ணைக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"தேங்காய்ப்பால் விட்டவவோ?" என்று கேட்டார்.

"ஓம், கடைசிப் பால்."

"முதற்பாலும் கொஞ்சம் விடச் சொல்லு. இறக்கப்போற நேரத்தில. கொதிக்க விடக்கூடாது, திரைஞ்சு போகும். சட்டியை உடனே கழுவச் சொல்லு."

குழம்பு கொஞ்சம் புளிப்புத்தான். ஐயா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம்.